ஐந்து நட்சத்திரப் பையன் வருகிறான்... கோப்பை வருமா?

கேள்வி: நான் அமெரிக்காவில் எம்.எஸ். படித்த பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணிக்கு நீண்ட நாள் ரசிகன். (பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். எங்கள் வாட்ஸ்அப் குரூப் மொத்தமும் இந்தப் பகுதியைப் படிக்கும்.) வருகிற சீசனில் ஐந்து நட்சத்திர (ஹைஸ்கூல் வீரர்களுக்குத் தரும் உச்ச மதிப்பீடு) பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) ஒருவன் சேர்கிறான். ஹைஸ்கூலில் ஆட்டத்துக்கு 27 பாயிண்ட் எடுத்தவன். சீசன் தொடங்கும் முன்பே குரூப்பில் 'ஃபைனல் ஃபோர் (தேசியப் போட்டியின் அரையிறுதி) உறுதி' என்கிறார்கள். ஒருவர் பந்தயமே கட்டிவிட்டார். முன்பும் இப்படித்தான் ஒரு பையனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினோம். ஜனவரியில் திட்டித் தீர்த்தோம். சீசன் முடிந்ததும் அவன் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். இந்த முறை எவ்வளவு எதிர்பார்க்கலாம்? பையன் தேறுவானா என்பதை எப்போது, எதை வைத்துக் கண்டுபிடிப்பது? டிக்கெட் பேக்கேஜ் வாங்கலாமா?
- வாசகர், டெக்சாஸ்

பதில்: பந்தயம் கட்டிய நண்பரிடம் முதலில் இரண்டு பெயரைச் சொல்லுங்கள்: மார்கெல் ஃபுல்ட்ஸ், லான்ஸோ பால். இருவரும் 2016-17 சீசனில் பேக்-12 என்ற கல்லூரி அணிகளின் பிரிவில் முதலாண்டு பாயிண்ட் கார்டுகள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபுல்ட்ஸின் சராசரி 23.2 பாயிண்ட், 5.9 அசிஸ்ட் (கூட்டாளியைக் கூடையில் போட வைக்கும் பாஸ்). அந்த அணி 9 ஆட்டம் வென்று 22 ஆட்டம் தோற்றது. யூசிஎல்ஏவில் பாலுக்கு 14.6 பாயிண்ட், 7.6 அசிஸ்ட்தான். முந்தைய வருடம் 15 வெற்றி, 17 தோல்வி என்று கிடந்த அணி 31-5 என்று முடித்தது. தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த என்பிஏ டிராஃப்டில் ஃபுல்ட்ஸ் முதலாவது, பால் இரண்டாவது. ஆக, இருவர் திறமையிலும் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. யூசிஎல்ஏவில் பால் பாஸ் கொடுத்தால் அதை உள்ளே போட ஆள் இருந்தார்கள்: வெளியே பிரைஸ் ஆல்ஃபோர்ட், கூடைக்கு அருகில் டி.ஜே. லீஃப், பெஞ்சிலிருந்து வந்தால்கூட ஏரன் ஹாலிடே. ஃபுல்ட்ஸுக்கு அப்படி ஒரு கூட்டம் அமையவில்லை.

அதனால் உங்கள் பையனின் வீடியோக்களை மூடிவிட்டு அணிப் பட்டியலை எடுங்கள். மூன்று பேரைத் தேட வேண்டும். மூலையில் நின்று 37 சதவீதத்துக்கு மேல் த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று பாயிண்ட் ஷாட்) போடுகிறவன் ஒருவனாவது உண்டா? ஸ்கிரீன் வைத்துவிட்டு (எதிராளியின் வழியை உடம்பால் மறித்துவிட்டு) கூடையை நோக்கி ஓடி, பந்தைத் தவறவிடாமல் பிடிக்கும் நெட்டையன் உண்டா? பந்தைக் கையாளத் தெரிந்த மூத்த கார்டு ஒருவன் உண்டா? மூன்றில் எனக்கு மூன்றாவது ஆள்தான் முக்கியம். 2015இல் டியூக் கோப்பை வென்றபோது முதலாண்டு டையஸ் ஜோன்ஸின் பக்கத்தில் நாலாம் ஆண்டு குவின் குக் இருந்தார். அதற்கு முந்தைய வருடங்களில் பாயிண்ட் கார்டாக ஆடியவர், இளையவனுக்கு இடம் விட்டு ஷூட்டராக நகர்ந்துகொண்டார். 2016இல் வில்லனோவாவில் ஜேலன் பிரன்சனுக்குத் துணையாக ரயன் ஆர்சிடியாகனோ. அந்த வருடம் பிரன்சனின் சராசரி வெறும் 9.6 பாயிண்ட், 2.5 அசிஸ்ட். அதே பிரன்சன்தான் 2018இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதை வாங்கினார். முதல் வருட எண்ணை மட்டும் பார்த்திருந்தால் உங்கள் குரூப் அவரையும் 'சுமார்' என்று எழுதியிருக்கும்.

அடுத்து அந்த 27 பாயிண்ட். ஹைஸ்கூல் ஆட்டம் 32 நிமிடம், கல்லூரி 40 நிமிடம் என்பது சின்ன வித்தியாசம்தான். பெரிய வித்தியாசங்கள் வேறு. ஹைஸ்கூலில் த்ரீ கோடு 19 அடி 9 அங்குலத்தில், கல்லூரியில் 2019-20 முதல் 22 அடி 1¾ அங்குலத்தில். ஷாட் கிளாக் இல்லாத ஹைஸ்கூல் லீக் இன்றும் பல மாநிலங்களில் உண்டு. கல்லூரியில் 30 விநாடிக்குள் ஷாட் எடுத்தாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹைஸ்கூலில் அவனை மறித்தவர்கள் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள். இப்போது மறிக்கப் போவது இரண்டு மூன்று கல்லூரி மாறி வந்த இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது ஆள்கள். அவர்கள் தோள் பட்டால் பையன் ஓடும் பாதையே ஓரடி விலகிவிடும். கூடையை நோக்கிப் போனவன் போர்டுக்குப் பின்னால் போய் நிற்பான்.

ஹைஸ்கூல் சராசரியைவிட நம்பத் தகுந்தது கோடைக்கால சர்க்யூட் ஆட்டங்களின் எண்கள். நைக்கியின் ஈஒய்பிஎல், அடிடாஸின் 3எஸ்எஸ்பி போன்றவை. அங்கே எதிரணியிலும் கல்லூரி வாய்ப்பு உள்ளவர்களே இருப்பார்கள். அங்கே பாயிண்டைப் பார்க்காதீர்கள். அசிஸ்டுக்கும் டர்னோவருக்கும் (பந்தை எதிரணியிடம் இழப்பது) உள்ள விகிதத்தையும் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தனி ஷாட்) சதவீதத்தையும் பாருங்கள். கொஞ்ச ஆட்டங்களில் போட்ட த்ரீ சதவீதம் அதிர்ஷ்டத்தில் ஏறும், இறங்கும். ஃப்ரீ த்ரோவில் யாரும் மறிக்க முடியாது, தூரமும் மாறாது. 80 சதவீதம் போடுகிறவனுக்கு நீளமான த்ரீ கோடு ஒரு வருடத்தில் பழகிவிடும். 65 சதவீதக்காரன் என்றால், சர்க்யூட்டில் 38 சதவீத த்ரீ போட்டிருந்தாலும் நம்பாதீர்கள்.

ஃப்ரீ த்ரோவுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. கடைசி இரண்டு நிமிடத்தில் பந்து பாயிண்ட் கார்டின் கையில்தான் இருக்கும், எதிரணி அவனைத்தான் ஃபவுல் செய்யும். 2008 இறுதி ஆட்டத்தில் முதலாண்டு டெரிக் ரோஸ் மெம்ஃபிஸுக்காக 18 பாயிண்ட், 8 அசிஸ்ட் எடுத்தார். 2 நிமிடம் 12 விநாடி இருக்கும்போது அணி 9 பாயிண்ட் முன்னிலை. அதன்பின் அணி வரிசையாக ஃப்ரீ த்ரோக்களை விட்டது. 10.8 விநாடி மிச்சமிருக்கையில் ரோஸும் இரண்டில் ஒன்றைத் தவறவிட்டார். கான்சஸின் மாரியோ சால்மர்ஸ் 2.1 விநாடி இருக்கும்போது த்ரீ போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் கான்சஸ் வென்றது.

எப்போது கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். நவம்பரில் நிச்சயம் முடியாது. அந்த மாதம் சொந்த மைதானத்தில் ஆடுகிற பல ஆட்டங்கள், பணம் கொடுத்து வரவழைத்த சின்ன அணிகளுடன். அங்கே 20 பாயிண்டும் 9 அசிஸ்டும் எடுத்தால் ரசியுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீர்கள். உண்மையான தேர்வு ஜனவரியில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களோடு (சொந்தப் பிரிவு அணிகளுடன்) தொடங்கும். அதற்குள் எதிரணிக் கோச்சுகள் கையில் இவனுடைய பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களின் வீடியோ இருக்கும். எந்தப் பக்கம் ஓட விரும்புகிறான், இடது கையால் பாஸ் கொடுப்பானா, எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். 2017-18இல் ஓக்லஹோமாவின் ட்ரே யங்குக்கு நடந்தது இதுதான். பாயிண்ட், அசிஸ்ட் இரண்டிலும் நாட்டிலேயே முதலிடம் பிடித்த முதலாண்டு வீரர் அவர். அணி 14-2 என்று பறந்தது. பிறகு இரண்டு இரண்டு பேராக அவரை மறிக்கத் தொடங்கினார்கள். கான்சஸ் ஸ்டேட்டுடன் ஒரே ஆட்டத்தில் 12 டர்னோவர். அணி 18-14 என்று முடித்து, தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. அவரே இரண்டு பேருக்கு நடுவிலிருந்து பாஸ் கொடுக்கத் தெரிந்தவர். அவருக்கே அப்படி என்றால் உங்கள் பையனுக்குச் சிரமம் இருக்கத்தான் செய்யும்.

ஆட்டம் பார்க்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க நேரமிருந்தால், பிக் அண்ட் ரோலைக் கவனியுங்கள். நம் நெட்டையன் வந்து ஸ்கிரீன் வைப்பான். பையனை மறிக்கிறவன் ஸ்கிரீனைச் சுற்றி மேலே வருகிறானா, அடியில் புகுந்து போகிறானா என்று பாருங்கள். அடியில் போனால், 'இவன் ஷூட் செய்ய மாட்டான்' என்று எதிரணி முடிவு கட்டிவிட்டது என்று அர்த்தம். அப்போது தயங்காமல் ஷூட் செய்ய வேண்டும். இரண்டு ஆட்டம் அதில் தோற்றால் சீசன் முழுக்க எல்லோரும் அடியில்தான் போவார்கள். மேலே வந்தால் அவர்களுடைய நெட்டையன் கொஞ்சம் முன்னால் ஏறி வருவான். அந்த ஒரு விநாடியில் பையனின் தலை எங்கே திரும்புகிறது? கற்றுக்குட்டி தன் முன்னால் நிற்கும் நெட்டையனையே பார்ப்பான். கொஞ்சம் தேறியவன், ஸ்கிரீன் வைத்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடும் கூட்டாளியைப் பார்ப்பான். நல்ல பாயிண்ட் கார்டின் கண், கூட்டாளியைத் தடுக்க எதிர்மூலையிலிருந்து உள்ளே இறங்கி வருகிற டிஃபெண்டரைப் பார்க்கும். அவன் இறங்கினால் மூலையில் ஷூட்டர் தனியாக நிற்பான். பந்து அங்கே ஒரே வீச்சில் போக வேண்டும். இந்தப் பாஸ் ஆட்டத்துக்கு மூன்று முறை சரியாகப் போகத் தொடங்கினால் பையன் தேறிவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஷூட்டர் அதைத் தவறவிட்டால் அசிஸ்ட் கணக்கில் வராது. அதனால்தான் பாக்ஸ் ஸ்கோரை (ஆட்டத்தின் எண் பட்டியலை) மட்டும் பார்த்துத் திட்டுகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

டர்னோவரிலும் வகை உண்டு. பந்து வெளியே போனாலோ, கால் தவறி டிராவல் ஆனாலோ, அணி பின்னால் வந்து நிற்க நேரமிருக்கும். நடு மைதானத்தில் பந்து பறிபோனால் மறுமுனையில் லே-அப் (கூடைக்கு அருகில் போடும் எளிய ஷாட்) நிச்சயம். முதல் வகை நாலு வந்தாலும் பொறுக்கலாம். இரண்டாவது வகை ஆட்டத்துக்கு இரண்டு வந்தால் கோச் அவனை உட்கார வைப்பார், அது சரிதான்.

டிஃபன்ஸைப் பற்றி ரசிகர்கள் பேசுவதே இல்லை, ஆனால் முதலாண்டுக்காரனைப் பெஞ்சுக்கு அனுப்புவது பெரும்பாலும் அதுதான். ஸ்கிரீனில் மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து கையை நீட்டுவான், விசில் ஊதும். முதல் பாதியில் இரண்டு ஃபவுல் வாங்கினால் பல கோச்சுகள் இடைவேளை வரை திரும்ப இறக்க மாட்டார்கள். '12 நிமிடம்தான் ஆட விட்டார், கோச்சுக்குப் பையனைப் பிடிக்கவில்லை' என்று குரூப்பில் செய்தி வரும்போது ஃபவுல் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

சரி, எண்ணாகவே சொல்கிறேன். முதல் வருடத்தில் 10 முதல் 12 பாயிண்ட், 4 முதல் 5 அசிஸ்ட், இரண்டரைக்கு மேல் போகாத டர்னோவர். அசிஸ்ட்-டர்னோவர் விகிதம் ஒன்றரை என்றால் தேர்ச்சி, இரண்டு என்றால் நல்ல வருடம். இது குறைவாகத் தெரிகிறதா? 2012இல் கென்டக்கி கோப்பை வென்றபோது முதலாண்டு பாயிண்ட் கார்டு மார்க்விஸ் டீகின் சராசரி 10 பாயிண்ட், 4.8 அசிஸ்ட். நான் மேலே சொன்ன டையஸ் ஜோன்ஸுக்கு 11.8, 5.6.

இதற்குக் கீழே போனால்? அவசரப்பட வேண்டாம். நார்த் கரோலினாவில் கெண்டல் மார்ஷல் 2010-11 சீசனை மாற்று ஆட்டக்காரராகத்தான் தொடங்கினார். ஜனவரியில்தான் முதல் ஐவரில் வந்தார். அடுத்த வருடம் 351 அசிஸ்ட் கொடுத்து ஏசிசி பிரிவின் ஒரு சீசன் சாதனையை முறியடித்தார். அதே அணியில் கேலப் லவ் 2020-21இல் 31.6 சதவீதம்தான் ஷூட் செய்தார். கேட்காத பேச்சு இல்லை. அடுத்த வருடம் ஃபைனல் ஃபோரில் டியூக்குக்கு எதிராக 28 பாயிண்ட் எடுத்தவர் அவர்தான். டைலர் யூலிஸ் 5 அடி 9 அங்குலம். முதல் வருடம் கென்டக்கி பெஞ்சில். இரண்டாம் வருடம் எஸ்இசி பிரிவின் சிறந்த வீரர், சிறந்த டிஃபெண்டர் இரண்டும் அவரே.

ஆனால் இரண்டாம் வருடம் வரை உங்கள் பையன் அங்கே இருப்பானா என்பது தனிக் கேள்வி. நன்றாக ஆடினால் என்பிஏ கூப்பிடும். சுமாராக ஆடினால் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்புகிறவர்களின் பட்டியல்) திறந்திருக்கிறது. 2024 முதல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை. போன முறை போன பையன் உங்கள் குரூப்பின் வசவால்தான் போனான் என்று சொல்ல மாட்டேன். ஆட்ட நேரமும் பணமும்தான் பெரும்பாலும் முடிவு செய்யும். ஆனால் தோற்ற இரவில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனின் இன்ஸ்டாகிராமில் போய் எழுதுகிற பழக்கம் உங்களில் யாருக்காவது இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பந்தயப் பணம் இழந்தவர்கள் மாணவ வீரர்களை மிரட்டுவது அதிகமாகிப்போனதால், தனி வீரரின் எண்களை வைத்துக் கட்டும் பந்தயத்தைத் தடை செய்யும்படி 2024 மார்ச்சில் மாநிலங்களைக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ கேட்டுக்கொண்டது. உங்கள் நண்பரின் பந்தயம் அணியின் மீதுதான் என்று நம்புகிறேன்.

டிக்கெட் விஷயம். முழு சீசனுக்கு வாங்காதீர்கள். நவம்பர் சின்ன ஆட்டங்களுக்கு மறுவிற்பனையில் மலிவாகவே கிடைக்கும், குழந்தைகளை அழைத்துப் போக அது நல்லது. பையனை அளக்க வேண்டுமென்றால் ஜனவரி கடைசி, பிப்ரவரியில் வருகிற இரண்டு கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு மட்டும் வாங்குங்கள். மைதானத்தை ஒட்டிய விலையுயர்ந்த இருக்கை வேண்டாம். அங்கிருந்து முதுகுகள்தான் தெரியும். மேல் அடுக்கில், கூடைக்குப் பின்னால் மூலைப் பக்கமாக உட்கார்ந்தால் பிக் அண்ட் ரோலும் எதிர்மூலை டிஃபெண்டர் இறங்குவதும் ஒரே பார்வையில் தெரியும். இரண்டாம் பாதியில் நம் அணி எந்தக் கூடையில் தாக்கும் என்று முன்கூட்டியே கேட்டு, அந்தப் பக்கம் எடுங்கள். வெளியூர் ஆட்டங்களைக் கட்டாயம் டிவியில் பாருங்கள். கூட்டம் கத்தும்போது, டர்னோவர் ஆன அடுத்த முறை பந்தை யார் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோச் பந்தை மறுபடியும் அவனிடமே கொடுக்கச் சொன்னால், குரூப் என்ன எழுதினாலும் கவலைப்படாதீர்கள்.