முஸ்லிம் லீக்கைத் தொடங்கியது ஜின்னாவா, ஆகாகானா, டாக்கா நவாபா? தேர்வில் எதை எழுதுவது?

ஜின்னா பெயரை முதலில் அடித்துவிடுங்கள். டாக்காவில் லீக் பிறந்த அதே 1906 டிசம்பர் கடைசி வாரத்தில் அவர் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில், தலைவர் தாதாபாய் நௌரோஜியின் செயலாளராக இருந்தார். லீக்கில் சேர்ந்ததே 1913-இல்தான். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, ஆனாலும் வாரம் ஒருவர் 'ஜின்னா தொடங்கிய லீக்' என்று கேட்டுக்கொண்டு வருகிறார்.

மீதி இரண்டு பெயரும் ஏன் குழம்புகின்றன என்றால், இந்தக் கட்சி ஒரே நாளில் உருவாகிவிடவில்லை. பேச்சு தொடங்கியதிலிருந்து நிர்வாகிகள் அமரும் வரை ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு கட்டத்திலும் முன்னால் நின்றவர் வேறு.

1906 ஜூலையில், இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர் மார்லி, இந்தியச் சட்டசபைகளில் சீர்திருத்தம் வரும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கோடி காட்டினார். அலிகார் கல்லூரிச் செயலாளர் மொஹ்சின் உல் முல்க்குக்குக் கவலை பிடித்தது: தேர்தல் என்று வந்தால் நம் ஆட்கள் ஜெயிப்பார்களா? ஆகஸ்ட் 4 அன்று கல்லூரி முதல்வர் ஆர்ச்போல்டுக்குக் கடிதம் போட்டார். ஆர்ச்போல்டு வைஸ்ராயின் தனிச் செயலாளர் டன்லப் ஸ்மித்திடம் பேசி வழி செய்தார். அக்டோபர் 1 அன்று, இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவரான ஆகாகான் தலைமையில் 35 பேர் சிம்லாவில் வைஸ்ராய் மின்டோவைப் பார்த்து மனு கொடுத்தார்கள். கேட்டதில் முக்கியமானது, முஸ்லிம் பிரதிநிதிகளை முஸ்லிம்களே தேர்ந்தெடுக்கும் தனித் தொகுதி.

இங்கே ஒருவர் 'எல்லாம் வெள்ளைக்காரன் எழுதிக்கொடுத்த நாடகம்' என்று கமெண்ட் போடுவார், தெரியும். அந்தத் தூதுக்குழுவை அரசு ஏற்பாட்டில் நடந்த கச்சேரி என்ற பொருளில் 1923 காக்கிநாடா காங்கிரஸில் கிண்டலடித்தவர் அந்த மாநாட்டின் தலைவர் மௌலானா முகமது அலியேதான். ஆனால் முதல் கடிதம் அலிகாரிலிருந்து போனது. அரசு கதவைத் திறந்துவிட்டது, தட்டியவர்கள் இவர்கள். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

டாக்கா நவாப் க்வாஜா சலிமுல்லா சிம்லாவுக்குப் போகவில்லை, கண் அறுவை சிகிச்சை. ஆனால் நவம்பரில் அகில இந்திய அளவில் ஒரு முஸ்லிம் கூட்டமைப்பு வேண்டும் என்று திட்டம் எழுதிச் சுற்றுக்கு விட்டார். 1905-இல் வங்கத்தைப் பிரித்ததில் டாக்கா புது மாகாணத்தின் தலைநகரமாகியிருந்தது. பிரிவினையை ரத்து செய்யச் சொல்லிக் கல்கத்தாவில் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அவசரத்துக்குக் காரணம் அதுதான்.

கூட்டம் கூட்டிய விதத்தைக் கவனியுங்கள். அலிகார் கல்லூரியை நிறுவிய சர் சையது அகமது கான் 1886-இல் தொடங்கிய முகமதியக் கல்வி மாநாடு அந்த வருடம் டாக்காவில், ஷாபாகில் நவாப் குடும்பத்துத் தோட்ட மாளிகையில் நடந்தது. நாடெங்குமிருந்து பிரதிநிதிகள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தார்கள், சாப்பாடும் இடமும் நவாப் செலவு. ஆனால் கல்வி மாநாட்டு மேடையில் அரசியல் பேசுவதில்லை என்பது வழக்கம். அதனால் மாநாட்டை முடித்துவிட்டு, டிசம்பர் 30 அன்று அதே ஆட்களை வைத்துத் தனிக் கூட்டம் போட்டார்கள். தலைமை, அலிகார் தலைவர்களில் ஒருவரான விகார் உல் முல்க். தீர்மானத்தை முன்மொழிந்தவர் சலிமுல்லா, வழிமொழிந்தவர் ஹக்கீம் அஜ்மல் கான். (இதே அஜ்மல் கான்தான் 1921 அகமதாபாத் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கினார். ஆட்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் படித்தால் இந்தக் காலம் புரியவே புரியாது.)

நோக்கம் மூன்று: அரசிடம் விசுவாசம் வளர்ப்பது, முஸ்லிம்களின் உரிமைகளைக் காத்துத் தேவைகளை மரியாதையாக அரசிடம் எடுத்துச் சொல்வது, இவற்றுக்குப் பங்கமில்லாமல் மற்ற சமூகத்தாரோடு பகை வளராமல் பார்ப்பது. சுயாட்சி என்ற சொல் 1913-இல்தான் உள்ளே வருகிறது.

அன்றைக்குக் கட்சிக்குச் சட்டதிட்டம் கிடையாது. அதை எழுத ஒரு குழுவும், விகார் உல் முல்க், மொஹ்சின் உல் முல்க் என்று இரண்டு இணைச் செயலாளர்களும் மட்டும்தான். வேலை இழுத்தது, 1907 அக்டோபரில் மொஹ்சின் இறந்தும் போனார். டிசம்பரில் கராச்சியில் ஆதம்ஜி பீர்பாய் தலைமையில் விதிகள் நிறைவேறின. உறுப்பினர் எண்ணிக்கை மொத்தமே 400 என்று வரம்பு. வயதும் வருமானமும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். ஜமீன்தார்கள், வக்கீல்கள், பட்டம் வாங்கியவர்களின் சங்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தது 1908 மார்ச், அலிகாரில். ஆகாகான் நிரந்தரத் தலைவரானது அங்கேதான். 1906 டாக்கா கூட்டத்துக்கு அவர் வரவில்லை.

ஆகவே 'நிறுவ முன்னின்றவர்' என்று கேட்டால் சலிமுல்லா, 'முதல் நிரந்தரத் தலைவர்' என்று கேட்டால் ஆகாகான், 'தொடக்கக் கூட்டத்தின் தலைவர்' என்று கேட்டால் விகார் உல் முல்க். ஆப்ஷனில் ஆகாகானும் சலிமுல்லாவும் சேர்ந்தே வந்து, கேள்வி வெறுமனே 'தொடங்கியவர் யார்' என்று இருந்தால், தவறு உங்கள் பேரில் இல்லை, கேள்வி எடுத்தவர் பேரில். நான் சலிமுல்லாவைத்தான் குறிக்கச் சொல்வேன்.

இன்னொரு எரிச்சலையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன். நம் ஊரில் காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் சாகிப் தலைவராக இருந்த இந்திய யூனியன் முஸ்லிம் லீக் வேறு. அது சுதந்திரத்துக்குப் பிறகு, 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் உருவானது. அதற்கு 1906 என்று போடும் குறிப்பேடு கையில் இருந்தால், அடுத்த பக்கத்தையும் நம்பாதீர்கள்.