கடன் வாங்கி லாஸ் வேகஸ் கண்காட்சிக்கு அனுப்பலாமா?

பல்லடம் பக்கமிருந்து தறி வைத்திருக்கும் ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் கோவையில் மூன்றாம் ஆண்டு இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) படிக்கிறாள். ஜனவரியில் லாஸ் வேகஸில் நடக்கும் சி.இ.எஸ். தொழில்நுட்பக் கண்காட்சிக்கு மாணவர்களைக் கூட்டிப்போகிறேன் என்று ஒரு டூர்க்காரர் 4 லட்சம் கேட்கிறார். சர்டிஃபிகேட் தருவார்களாம், அதைக் காட்டினால் வேலை சுலபமாம். நகையை வைத்து அனுப்பலாமா?

வேண்டாங்க.

சி.இ.எஸ். நம்ம ஊர் பொருட்காட்சி மாதிரி டிக்கெட் எடுத்து யார் வேண்டுமானாலும் நுழையும் இடமில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அனுமதி. மாணவர்களை எந்தக் கணக்கில் உள்ளே கூட்டிப்போவார், விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வருகிறதா பார்ப்போம்.

சரி, உள்ளேயே போய்விட்டாள் என்று வையுங்கள். அங்கே அவளுக்கு என்ன கிடைக்கும்? இந்தப் பெரிய கண்காட்சிகளின் வேலையே மாறிவிட்டது. 1979-இல் லாஸ் வேகஸில் காம்டெக்ஸ் என்ற கம்ப்யூட்டர் கண்காட்சி தொடங்கியபோது, புதுக் கம்ப்யூட்டரை வியாபாரிகள் நேரில் பார்த்து ஆர்டர் கொடுக்க வேறு வழி குறைவு. இப்போது கம்பெனிகளே இணையத்தில் நேரலை போட்டு அறிமுகம் செய்துவிடுகின்றன. ஆயிரம் ஸ்டால்களுக்கு நடுவில் தன் செய்தி அமுங்கிப்போக எவன் காசு கொடுப்பான்? தன் கம்ப்யூட்டர்களுக்கென்றே நடந்த மேக்வேர்ல்டு கண்காட்சியிலிருந்து ஆப்பிள் 2009-உடன் விலகியது. காம்டெக்ஸ் 2003-உடன் நின்றது. ஜெர்மனியின் ஹானோவரில் 2001-இல் சுமார் எட்டரை லட்சம் பேர் வந்த செபிட் கம்ப்யூட்டர் கண்காட்சி, 2018-உடன் மூடப்பட்டது. வீடியோ கேம் துறையின் இ3 கண்காட்சி இனி கிடையாது என்று 2023 டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள்.

சி.இ.எஸ். தப்பித்ததற்கு, டி.வி., ரேடியோவோடு நிற்காமல் கார், மருத்துவக் கருவி, சிப் என்று கடையை விரித்தது ஒரு காரணம். ஆனால் அங்கேயும் உருப்படியான பேச்சு நடப்பது ஸ்டாலுக்குப் பின்னால் இருக்கும் அறையிலும் ஹோட்டல் அறையிலும்தான், முன்கூட்டியே நேரம் வாங்கியவர்களுக்கு. நேரம் வாங்காத மாணவிக்குக் கிடைப்பது வெளிச்சம் போட்ட முன்பக்கம், ரோபோவுடன் ஒரு செல்ஃபி, ஒரு பை நிறைய நோட்டீஸ். கலந்துகொண்டதற்கான சர்டிஃபிகேட்டைப் பார்த்து ஒருவரை வேலைக்கு எடுத்ததாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்காகக் கண்காட்சியே வீண் என்று சொல்லவில்லை. ஓடவிட்டுப் பார்க்க வேண்டிய மெஷினுக்கும் தொட்டுப் பார்க்க வேண்டிய துணிக்கும் இன்னும் மவுசு இருக்கிறது. ஜவுளி மெஷின்களுக்கான ஐ.டி.எம்.ஏ. 1951-இலிருந்து நடக்கிறது, 2023-இல் மிலனில் நடந்தது. கரூர் ஏற்றுமதியாளர்கள் இன்றும் ஜனவரியானால் பிராங்க்பர்ட்டில் நடக்கும் வீட்டு ஜவுளிக் கண்காட்சியான ஹெய்ம்டெக்ஸ்டிலுக்குச் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ரேப்பியர் தறியை ஸ்டாலில் பார்த்துவிட்டு அங்கேயே அட்வான்ஸ் கொடுப்பீர்களா? சோமனூரில் அதே தறி ஓடும் ஷெட்டைத் தேடிப் போய், எலக்ட்ரானிக் போர்டு போனால் சரிசெய்ய ஆள் எத்தனை நாளில் வருகிறார் என்று கேட்டுவிட்டுத்தானே கொடுப்பீர்கள். அந்தப் போர்டைச் சரிசெய்ய வருகிற ஆளின் வேலைதான் உங்கள் மகள் படிக்கும் படிப்பில் இருக்கிற வேலை. பாப்பா கண்காட்சியில் தேட வேண்டியதும் அவரைத்தான்.

அதற்கு அவிநாசி ரோட்டைத் தாண்ட வேண்டியதில்லை. கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் மெஷின் கண்காட்சி போதும். அவள் படிப்புக்கு இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியான எலக்ட்ரானிகா இந்தியா; 2023-லும் 2025-லும் பெங்களூர் தும்கூர் ரோட்டில் நடந்தது. அடுத்தது எங்கே, எப்போது, மாணவர்களை எந்த நாளில் விடுகிறார்கள் என்பதை அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பட்டும். கடைசி நாள் மட்டும் வேண்டாம். மத்தியானமே அட்டைப்பெட்டியில் சாமானைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

போவதற்கு முன் ஸ்டால் பட்டியலிலிருந்து பத்துக் கம்பெனிகளை அவளே பொறுக்கட்டும். பம்பு செட் கன்ட்ரோலர், தறி எலக்ட்ரானிக்ஸ், சர்க்யூட் போர்டில் பாகம் பொருத்தும் மெஷின் என்று தனக்குப் புரிகிறவையாக இருந்தால் நல்லது. ஸ்டாலில் கோட் போட்டு முன்னால் நிற்பவர் பெரும்பாலும் சேல்ஸ். மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரோடு நிற்பவர்தான் சர்வீஸ் அல்லது அப்ளிகேஷன் இன்ஜினியர். அவரிடம், "சார், இது கோயம்புத்தூர் பக்கம் எங்க ஓடுது? அதிகமா என்ன பழுது வரும்?" என்று கேட்கட்டும். கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் மூடியைக் கழற்றியே காட்டுவார்கள். ரெஸ்யூமேயை நோட்டீஸ் மாதிரி விநியோகிக்க வேண்டாம். விசிட்டிங் கார்டு வாங்கி, பேசியதை அதன் பின்னாலேயே குறித்துக்கொண்டு, இரண்டு நாளுக்குள் ஒரு மெயில் போட்டு இன்பிளான்ட் டிரெயினிங், அதாவது கம்பெனிக்குள்ளேயே பயிற்சி, கேட்டால் போதும்.

சர்வீஸ் வேலை என்றால் ஊர் ஊராகச் சுற்ற வேண்டுமே, பெண் பிள்ளையாச்சே என்று நீங்கள் யோசிப்பது புரிகிறது. கொஞ்சம் சுற்றத்தான் வேண்டியிருக்கும். அதற்கு அவள் தயாரா என்பதை அவளிடமே கேளுங்கள். சுற்றப் பிடிக்காவிட்டால் அதே கம்பெனியில் டெஸ்டிங், டிசைன் என்று உட்கார்ந்து செய்யும் வேலையும் உண்டு.

டூர்க்காரருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொடுத்திருந்தால் ரசீதையும் அவர் தந்த நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு என்னை வந்து பாருங்கள். பாப்பா பொறுக்கிய பத்துப் பெயர்களையும் அப்படியே கொண்டுவரட்டும், உட்கார்ந்து பார்ப்போம்.