பாத்ரூம் தளத்தை உடைப்பதற்கு முன்

கேள்வி: அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் பழைய டைல்ஸ் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டித் தருவதாக ஒப்பந்தக்காரர் ஒருவர் மொத்தத் தொகைக்குப் பேசி முடித்தார். எழுத்தில் எதுவும் இல்லை. மூன்றே மாதத்தில் மூலையில் தண்ணீர் தேங்குகிறது. கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கிவிட்டது. "மேலேயே ஒட்டச் சொன்னது நீங்கள்தானே" என்கிறார். பாக்கித் தொகைக்காகப் போலீசுக்குப் போவேன் என்றும் மிரட்டுகிறார். உடனே வேறு ஆளை வைத்து உடைத்துச் சரிசெய்துவிடலாமா?

பதில்: உடைக்கத்தான் வேண்டும், நாளைக்கே வேண்டாம். எழுத்து ஒப்பந்தம் இல்லாத உங்களுக்கு அந்தத் தளம்தான் முதல் சாட்சி. அதைப் பெயர்த்து மூட்டை கட்டி அனுப்பிவிட்டால், உங்கள் சொல், அவர் சொல் என்று வழக்கு இழுபறியாகிவிடும்.

இந்த வேலையில் தொடர்பில்லாத சிவில் இன்ஜினியர் ஒருவரை வரவழையுங்கள். தண்ணீர் போகும் துளையை நோக்கித் தளத்துக்கு வாட்டம் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, டைல்ஸைத் தட்டி அடியில் கலவை பிடிக்காத இடங்களைக் குறித்து, கையெழுத்திட்ட அறிக்கை தரட்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது மூலைக்கு ஓடுவதை வீடியோ எடுங்கள். ஓடுகிற தண்ணீரை எந்த வழக்கறிஞராலும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது! வீடியோவுடன், பாரதிய சாக்ஷிய அதினியம், 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழையும் இணைக்க வேண்டும். எடுத்த கைபேசியை விற்றுவிடாதீர்கள்.

பிறகு, குறைகளைச் சொல்லி, 15 நாளில் வந்து பார்த்துச் சரிசெய்யும்படி ஒப்பந்தக்காரருக்கு ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். பாக்கியை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும். அவர் வராவிட்டால் உடைக்கலாம். அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு இருந்ததா என்பதைப் படமெடுத்துக்கொண்டே உடையுங்கள். மாதக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. இழப்பைக் குறைக்கக் கையில் இருந்த வழி என்ன என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 73ஆவது பிரிவு.

"நீங்கள்தானே சொன்னீர்கள்" என்பது பாதி வாதம்தான். பழைய தளம் தாங்காது என்றால் எச்சரிக்க வேண்டியவர் தொழில் தெரிந்த அவர். வாட்டம் தவறியதற்கும் நீங்கள் சொன்னதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் அவர் எச்சரித்து நீங்கள் மறுத்த வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் என்னிடம் மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் நீட்டும்.

வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். பணம் அனுப்பிய வங்கிப் பதிவு அதற்குத் துணை நிற்கும். மொத்தமாகப் பேசி வேலையை ஒப்படைத்ததால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் இது சேவைக் குறைபாடு. தினக்கூலிக்கு ஆள் அமர்த்தி, நீங்களே நின்று வேலை வாங்கியிருந்தால், அது இந்தச் சட்டத்துக்குள் வராத தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்று கூறிப் புகாரையே தள்ளச் சொல்ல அவருக்கு இடம் கிடைத்திருக்கும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்குக் கட்டணம் இல்லை, நீங்களே வாதாடலாம்.

போலீஸ் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். கூலிப் பாக்கித் தகராறு உரிமையியல் விவகாரம். அழைத்தால் நோட்டீஸ் நகலுடன் போய் வாருங்கள்.

கீழ் வீட்டுக்காரரிடம் மட்டும் ஒப்பந்தக்காரரைக் கை காட்டாதீர்கள். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவர் கூரையைச் சரிசெய்து கொடுத்து, ரசீதை வாங்கி, அந்தத் தொகையையும் உங்கள் புகாரில் சேர்த்துக் கேளுங்கள்.