நடை பழகும் பிள்ளையும் நிலாவெளி ரூமும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பங்கு கடற்கரைப் பயணம் பற்றியது. அதிலும் முக்கால்வாசி, ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் பிள்ளை வைத்திருப்பவர்கள் எழுதியவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். திட்டுகளைச் சுருக்கவில்லை.

டிசம்பர் லீவுக்கு நிலாவெளியில் கடலோர ரூம் ஒன்று பாதி விலைக்குத் தருகிறார்கள். இப்போதே முழுக் காசும் கட்டினால் இன்னும் 10% குறைப்பார்களாம். பிள்ளைக்கு ஒன்றே முக்கால் வயது. கட்டட்டா? (கோண்டாவில்)

கட்ட வேண்டாம். ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை கிழக்கில் வடகீழ்ப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், மழை நாள்கணக்கில் நிற்காது. ஒன்றே முக்கால் வயதை ஒரு ரூமுக்குள் அடைத்துவைத்து ஜன்னலால் கடலைக் காட்டுவதற்குப் பாதி விலையும் அதிகம். நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா எல்லாம் ஏப்ரல் கடைசியில் இருந்து செப்டெம்பர் வரைதான். டிசம்பரில்தான் லீவு கிடைக்கும் என்றால் தெற்கே பெந்தோட்டை, உனவட்டுனப் பக்கம் பாருங்கள். அங்கே அப்போதுதான் கடல் அடங்கியிருக்கும். விலையும் அப்போதுதான் ஏறியிருக்கும், சரி, அதைத் தாங்கத்தான் வேண்டும்.

என் கணவருக்குத் தெரிந்த ஒருவர் மூலம் பாசிக்குடாவில் வீடு எடுத்தோம். 35,000 ரூபாய் முற்பணத்தை அவருடைய சொந்தக் கணக்குக்குப் போட்டோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததால் ஆறு நாளுக்கு முன்னரே வரவில்லை என்று சொல்லிவிட்டோம். காசைத் திருப்பித் தருகிறேன் என்றவர் இப்போது போனை எடுக்கிறார் இல்லை. தெரிந்தவர் என்பதால் ரசீது கேட்கவில்லை. (மானிப்பாய்)

முதலில், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் தங்கச்சி. பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது காசைப் பற்றி யோசிக்க வைத்த ஆள்தான் வெட்கப்பட வேண்டும்.

உங்களிடம் ரசீது இல்லையென்றாலும் வங்கிச் சிட்டை இருக்கும். வாட்ஸ்அப்பில் கதைத்தது இருக்கும். இன்றைக்கே அவற்றைப் படமெடுத்து வேறோரிடத்தில் சேமித்து வையுங்கள். அனுப்பியவர் அழித்துவிட்டால் பிறகு தலையில் கைவைத்து இருக்க வேண்டியதுதான். பிறகு அவருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள்: இந்தத் திகதியில் இவ்வளவு அனுப்பினோம், இந்தத் திகதியில் ரத்துச் செய்தோம், திருப்பித் தருவதாகச் சொன்னீர்கள், இந்தத் திகதிக்குள் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளோ சேவையோ தரப்பட்டு மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். ஆகவே நல்லநாள் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மாவட்டச் செயலகத்தில் விசாரித்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். மத்தியஸ்த சபைக்கும் போகலாம். அங்கே கூப்பிடுகிறார்கள் என்று கேட்டதுமே காசைக் கொண்டுவந்து கொடுத்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

இனி மற்றவர்களுக்கு.

யாழ்ப்பாணத்தில் நான் அதிகம் வெறுக்கும் இரண்டு சொல் "தெரிஞ்ச ஆள்". வான் பிடிக்கத் தெரிஞ்ச ஆள், மண்டபத்துக்குத் தெரிஞ்ச ஆள், சமையலுக்குத் தெரிஞ்ச ஆள். அவரிடம் ரசீது கேட்டால் "என்ன, நம்பிக்கை இல்லையோ?" என்று முகம் கறுக்கும். நாங்களும் கூசிப்போய் "சீச்சீ, அப்படியில்லை" என்று பையை மூடிவிடுவோம். அதே ஆள் வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடும்போது கணினியில் அடித்த பற்றுச்சீட்டுக் கொடுப்பார். வழக்கம் தெரியாதவர் இல்லை அவர். எங்களுக்குத் தேவையில்லை என்று நாங்கள்தான் பழக்கிவைத்திருக்கிறோம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது வியாபாரிக்குச் சட்டம் போட்ட கடமை. உறவுக்காரனுக்கு அதில் விலக்கு எழுதப்படவில்லை.

என் வீட்டுக் கிணற்றடியில் ஒரு தண்ணீர் மோட்டர் கிடக்கிறது. தெரிஞ்ச ஆளின் கடையில் பில் இல்லாமல் வாங்கியது. ஒரு வருட உத்தரவாதம் என்று வாயால் சொன்னார். நாலாம் மாதம் மோட்டர் நின்றது. தூக்கிக்கொண்டு போனால், "இது எங்கட கடைச் சாமானோ?" என்று என்னையே கேட்டார்.

ரசீது கேட்கக் கூச்சமென்றால் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை, எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, எத்தனை நாளுக்கு முன் ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும். இவ்வளவையும் எழுதி, "சரியென்றால் ஓம் என்று போடுங்கோ, காசு போடுறன்" என்று முடியுங்கள். அந்த "ஓம்" வந்த பிறகு மட்டும் காசு. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் பயணத்துக்கு முதல்நாள் காய்ச்சல் வருவது அதிசயம் இல்லை. அதனால் ரத்து நிபந்தனைதான் மற்ற எல்லாவற்றையும்விட உங்களுக்கு முக்கியம்.

கழுத்தில் மாட்டும் காற்று வளையம் ஒன்லைனில் வருகிறது. பிள்ளை தானாக மிதக்குமாம். பதினெட்டு மாதப் பிள்ளைக்கு நல்லதா? இல்லையென்றால் கையில் போடும் காற்றுப்பையா, லைஃப் ஜாக்கெட்டா? (உரும்பிராய்)

கழுத்து வளையம் வேண்டவே வேண்டாம். குழந்தைகளின் கழுத்து மிதவைகளால் உயிராபத்தும் பெரிய காயமும் வரலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது.

கையில் போடும் காற்றுப்பை விளையாட்டுச் சாமான். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், இது உயிர்காப்புச் சாதனம் அல்ல என்று ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். கடைக்காரர் அதை வாசித்துக் காட்டமாட்டார்.

வாங்குவதென்றால் லைஃப் ஜாக்கெட். அதிலும் ஐஎஸ்ஓ 12402 என்ற தர எண், எத்தனை கிலோ பிள்ளைக்கு என்ற எல்லை, மிதக்கவைக்கும் விசை 100 நியூட்டன் அல்லது அதற்கு மேல் என்ற குறிப்பு, மூன்றும் உள்ளே தைத்த துண்டில் இருக்க வேண்டும். 50 என்று போட்டது நீந்தத் தெரிந்தவர்களுக்கு. பின்னால் தலையைத் தாங்கும் கொலர் இருக்கிறதா, கால்களுக்கு இடையால் போகும் பட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, தோள்பட்டியில் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். ஜாக்கெட் மேலே ஏறி நாடியும் காதும் உள்ளே போய்விட்டால் அது பெரிது. வளருகிற பிள்ளைதானே என்று இரண்டு சைஸ் கூட்டி வாங்கும் எங்கள் வழக்கத்தைச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எதைப் போட்டாலும் பிள்ளை உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். போன் பையில் இருக்க வேண்டும்.

மணலில் தள்ளக்கூடிய குழந்தைத் தள்ளுவண்டில் எது நல்லது? (சுண்ணாகம்)

எதுவும் இல்லை. பெரிய சில்லு என்று நம்பி நானும் ஒன்று வாங்கினேன். கடைசியில் வண்டிலையும் தூக்கி, பிள்ளையையும் தூக்கினோம். அந்தக் காசுக்கு ஒரு நல்ல பெரிய குடையும் இரண்டு துவாயும் வாங்குங்கள்.

"கடலுக்கு இரண்டு நிமிடம், கடல் தெரியும் அறை" என்று பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். மூன்று இரவுக்கும் காசு கட்டிவிட்டுப் போனால், இடையில் பெரிய றோட்டு, அதற்கப்பால் களப்பு. கடலுக்கு வானில் போக வேண்டியிருந்தது. இது ஏமாற்று இல்லையா? (வட்டுக்கோட்டை)

கடல் தெரிந்ததா? தெரிந்தது என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நிமிடம் நடந்தா, வானிலா என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. போனில் வரைபடம் இருக்கிறது, அதில் வீட்டின் பெயரை அடித்துப் பார்க்க அரை நிமிடம் செல்லாது. விளம்பரம் போட்டவர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை, முறைப்பாடு கொடுப்பதென்றால் கொடுங்கள், அந்த விளம்பரத்தைப் படமெடுத்து வைத்திருந்தால்.

அடுத்த முறை காசு போட முதல் வீடியோ கோலில் ரூம் வாசலில் இருந்து தண்ணீர் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். போகிற போக்கில் பல்கனிக் கம்பிக்குள்ளால் பிள்ளையின் தலை போகுமா, நீச்சல் குளத்தைச் சுற்றி வேலியும் கேற்றும் இருக்கிறதா, கேத்தலும் பிரிட்ஜும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். மறுத்தால் வேறு ரூம்.

மகள் ஏணையில் படுத்துப் பழகியவள், வேறெங்கும் நித்திரை கொள்ளமாட்டாள். விடுதியில் என்ன செய்வது? (சாவகச்சேரி)

கூரையில் கொழுக்கி இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். புதுக் கட்டடம் என்றால் இருக்காது. ஜன்னல் கம்பியிலும் மின்விசிறியிலும் கட்டிப் பார்க்க வேண்டாம். விடுதித் தொட்டில் தருகிறோம் என்றால் அதன் படத்தையும் கேளுங்கள். சிலர் தொட்டில் என்பது இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டதை.

ஒரு இரவுக்கு 18,000 என்று போனில் சொன்னார்கள். பில்லில் 10% சேவைக் கட்டணமும் 18% வற் வரியும் சேர்ந்து 23,000ஐத் தாண்டிவிட்டது. பிள்ளை அழுதுகொண்டிருந்ததால் கட்டிவிட்டு வந்தோம். (திருநெல்வேலி)

பிள்ளை அழுகிற நேரம் பார்த்துப் பில்லை நீட்டுவது அவர்களுக்குக் கைவந்த கலை. வற் 2024 ஜனவரியில் இருந்து 18%, அது உண்மை. ஆனால் வற்றுக்குப் பதிந்தவர்தான் அதை அறவிடலாம். பில்லில் வற் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்த உரிமையில் வாங்கினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், முறைப்பாடும் கொடுங்கள். இனி விலை கேட்கும்போது "எல்லாம் சேர்த்துக் கையில இருந்து எவ்வளவு போகும்?" என்றே கேளுங்கள்.

சாதாரண பம்பஸோடு கடலில் இறக்கலாமா? (நல்லூர்)

இறக்கினால் கண்ணெதிரே பூசணிக்காயாக ஊதி முழங்காலுக்கு இறங்கும். தண்ணீரில் போடும் வகை தனியாக விற்கிறார்கள். அது மலத்தைத் தடுக்கும், சிறுநீரைத் தடுக்காது. ஆகவே வானில் வரும்போது அதைப் போட்டுவிட்டு சீற்றைப் பழுதாக்கிவிட்டு வான்காரரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

லண்டன் மச்சாள் பார்சலில் அனுப்பிய வெயில் கிரீம், எஸ்பிஎஃப் 50. போன வருடம் உடைத்தது. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பூசலாமா? (கொக்குவில்)

போத்தலின் பின்னால் மூடி திறந்த டப்பி போல ஒரு சின்னப் படம் இருக்கும். அதற்குள் 12எம் என்றிருந்தால் உடைத்து 12 மாதம்தான். காலாவதித் திகதியையும் பாருங்கள். தாண்டியிருந்தால் எறியுங்கள், மச்சாளுக்குச் சொல்ல வேண்டாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் கிரீம் பூசாமல் நிழலில் வைத்திருப்பதே வழி. இரண்டு வயதுக்குப் பூசலாம், வெளியே போகப் பதினைந்து நிமிடத்துக்கு முன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், தண்ணீரால் வந்த பிறகும் திரும்பப் பூச வேண்டும். பத்து மணியில் இருந்து மூன்று மணி வரை கடற்கரைக்கே போகாவிட்டால் ஒரு போத்தல் நெடுநாள் வரும்.

நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவுக்குப் படகுக்காரர் ஒரு விலை சொன்னார். பேசிக் குறைத்தும் விட்டோம். அந்த விலை நியாயமா? கனடாவில் இருந்து வரும் தம்பி குடும்பமும் எங்களோடு. (பருத்தித்துறை)

நீங்கள் குறைத்தது படகுக் காசை. அது தேசியப் பூங்கா, நுழைவுச் சீட்டு வேறு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தம்பிக்கு வேறு விலை. அதையும் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். கடிதத்தின் கடைசியில் ஒன்றரை வயதுப் பிள்ளையும் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கரையில் மணலைவிட உடைந்த பவளக் கல்தான் காலில் குத்தும். பிள்ளையோடு இருப்பவர்கள் திருகோணமலையில் விமானப்படை நடத்தும் மாபிள் பீச்சுக்குப் போகட்டும், அலை குறைவு.

நிலாவெளிக்குப் போவோம் என்றால் மாமி "உங்க கசூரினா இருக்கேக்க ஏன் அவ்வளவு தூரம்" என்கிறா. (இணுவில்)

மாமி சொல்வது சரி. பொன்னாலைப் பாலம் தாண்டினால் காரைநகர், அங்கேதான் கசூரினாக் கடற்கரை. தண்ணீர் நெடுந்தூரத்துக்கு ஆழமில்லை, சவுக்கு நிழல் இருக்கிறது, மத்தியானம் பிள்ளை தன் ஏணையிலேயே படுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பிள்ளையின் செருப்பைக் கழற்றவிடாதீர்கள், குடித்துவிட்டு எறிந்த போத்தல் ஓடு மணலுக்குள் கிடக்கும்.

கடற்கரைக் கடையில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 150 ரூபாய் வாங்கினார்கள். கேட்டால் "குளிராக்கின செலவு" என்கிறார்கள். (அராலி)

2025 ஏப்ரலில் வர்த்தமானியில் போட்ட உச்ச விலை 500 மில்லி லீற்றருக்கு 70 ரூபாய், ஒரு லீற்றருக்கு 100, ஒன்றரை லீற்றருக்கு 130. குளிருக்குத் தனிக்காசு எதிலும் எழுதவில்லை. பில் கேளுங்கள். தராவிட்டால் போத்தலையும் கடைப் பெயர்ப்பலகையையும் படமெடுத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே நின்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அடியுங்கள். கடைக்காரருக்குக் கேட்கும்படியாகக் கதையுங்கள்.