நடைபாதை யாருக்கு? வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி (சிங்கப்பூர், பிடோக் வட்டார வாசகி): என் தாயாருக்கு வயது 74. காலையில் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு ஈரச்சந்தைக்கு நடந்தே போய்வருவார். சென்ற மாதம் பின்னால் வந்த சைக்கிளின் மணியோசையில் திடுக்கிட்டு, சைக்கிள் வந்த பக்கமாகவே ஒதுங்கிவிட்டார். நல்லவேளையாக அடிபடவில்லை, ஆனால் அன்றிலிருந்து தனியாக வெளியே போகத் தயங்குகிறார். நடைபாதையில் சைக்கிள் ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறதா? அனுமதிக்கத்தான் வேண்டுமா?

பதில்: சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் இன்று இருக்கும் அளவுக்கு அனுமதிக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

சிங்கப்பூரில் நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது நெடுங்காலம் குற்றமாகவே இருந்தது. 2007இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் மட்டும் சோதனை முறையில் அனுமதித்துப் பார்த்தார்கள். 2010இல் அங்கு அது நிலைபெற்றது. தீவு முழுவதற்குமான அனுமதி 2018 மே 1 அன்று நடப்புக்கு வந்தது. அப்போது மணிக்கு 15 கிலோமீட்டராக இருந்த நடைபாதை வேக வரம்பு, 2019 பிப்ரவரியில் 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் உங்கள் பிடோக்கிலேயே மின்ஸ்கூட்டருடன் மோதி முதிய சைக்கிளோட்டி ஒருவர் உயிரிழந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதைகளில் தடைசெய்யப்பட்டன. மின்விசையால் ஓடும் சைக்கிளுக்கும் அங்கு இடமில்லை. 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட பாதையில் சாதாரணச் சைக்கிளும் போகக்கூடாது. மீறுவோருக்கு 2,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2018க்குப் பிறகு வந்த இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் நடப்பவருக்குச் சாதகமாகவே அமைந்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். முதலில் கொடுத்த அனுமதி அளவுக்கு மீறியது என்பதை அனுபவமே காட்டிவிட்டது.

இனி, உங்கள் தாயாருக்கு நேர்ந்ததைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். நம் குடியிருப்புப் பேட்டைகளில் பழைய நடைபாதைகள் பலவும் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலமே உள்ளவை. தள்ளுவண்டியுடன் ஒருவர் நடந்தால் அதில் பாதிக்குமேல் நிறைந்துவிடும். மிச்சமிருக்கும் இடத்தில் சைக்கிளின் கைப்பிடி உரசாமல் போவதே கடினம். முதியவர் ஒருவர் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார்; சட்டத்தை மதித்து வரும் சைக்கிள்கூட அதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு வேகத்தில் வரலாம். மணியோசை கேட்டு, அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று உணர்ந்து, கால்களை நகர்த்துவதற்குள் சைக்கிள் பல மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஒலியின் திசையைப் பிரித்தறிவது இன்னும் கடினம். ஆகவே உங்கள் தாயார் ஒதுங்கியது தவறான பக்கம் என்று யாரும் சொல்லக்கூடாது. நடப்பவர் ஒதுங்க வேண்டும் என்று எதிர்பார்த்ததே தவறு. முதியவருக்குப் பின்னால் வரும் சைக்கிளோட்டி, வேகத்தைக் குறைத்து, தேவையானால் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும்.

விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் பலர் பழையபடி நடப்பதில்லை என்பது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. விழாமலேயே, பயத்தால் வீட்டுக்குள் முடங்கிவிடுவதும் இழப்புதான், அது எந்த விபத்துக் கணக்கிலும் சேராவிட்டாலும்.

அதற்காக முழுத் தடை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேருந்துகளும் லாரிகளும் விரையும் சாலையில் பத்து வயதுப் பிள்ளையை இறங்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. காய்கறி வாங்கக் கூடை கட்டிய சைக்கிளில் மெல்லப் போகும் எழுபது வயது அங்கிளையும் அப்படித்தான். ஜப்பானில் 2008இல் நடப்புக்கு வந்த விதி எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சைக்கிளின் இடம் சாலை என்பதே அங்கு பொதுவிதி. 13 வயதுக்கு உட்பட்டோர், 70 வயதும் அதற்கு மேலும் ஆனோர், உடற்குறையுள்ளோர் ஆகியோருக்கு நடைபாதையில் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு, அனுமதிப் பலகை உள்ள இடங்களிலும் சாலை தவிர்க்க முடியாத அளவு ஆபத்தான இடங்களிலும் மட்டுமே அனுமதி. யாராயினும் மெதுவாகத்தான் போக வேண்டும். நடப்பவருக்கு இடைஞ்சலாகுமென்றால் நிறுத்திவிட வேண்டும். இங்கும் வயதையும் இடத்தையும் பார்த்து அனுமதிப்பதே நியாயம்.

கேள்வி (அதே வட்டாரத்திலிருந்து மற்றொரு வாசகர்): நான் அன்றாடம் எம்ஆர்டி ரயில் நிலையம் வரை சைக்கிளில் போகிறேன். சாலை அச்சமூட்டுகிறது, நடைபாதையில் போனால் முறைக்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் எங்கேதான் ஓட்டுவது?

பதில்: உங்கள் அச்சமும் உண்மையானதே. ஆனால் நடைபாதை நீங்கள் நினைக்கும் அளவுக்குப் பாதுகாப்பானதன்று. கார் நிறுத்துமிடத்திலிருந்து வெளியே வரும் ஓட்டுநர் நடந்து வருபவரைத்தான் எதிர்பார்க்கிறார். செடிவேலி மறைவிலிருந்து வேகமாக வெளிப்படும் சைக்கிளை அவர் காணும்போது பிரேக் போட நேரம் இருப்பதில்லை. சாலையைக் கடக்கும் இடங்களில் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று 2019இல் விதி வந்ததும் இக்காரணத்தால்தான்.

உங்களுக்குத் தேவை தனிச் சைக்கிள் பாதை. 2030க்குள் தீவு முழுவதும் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் சைக்கிள் பாதைக் கட்டமைப்பு அமைய வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. சிவப்பு வண்ணத்தால் குறிக்கப்பட்ட அந்தப் பாதை உங்கள் வழியில் இருந்தால், இரண்டு நிமிடம் சுற்றானாலும் அதிலேயே போங்கள். நடப்பவர்களும் அதைக் காலியாக விட்டுக்கொடுக்க வேண்டும், கைப்பேசியைப் பார்த்தபடி அதில் உலவுவது சரியன்று. பாதை இல்லாத பகுதியில் நடைபாதையைப் பயன்படுத்தச் சட்டம் இன்று இடங்கொடுக்கிறது. பேருந்து நிறுத்தத்திலும் கூரையிட்ட நடைவழியிலும் கூட்டமிருந்தால் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள்.

பாதை எங்கே துண்டுபட்டு நிற்கிறது என்பதை அன்றாடம் ஓட்டும் உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அந்த இடத்தைப் படம் எடுத்து, தெருப்பெயருடன் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு எழுதுங்கள்; வட்டாரக் குறைகளைத் தெரிவிப்பதற்கான ஒன்சர்வீஸ் கைப்பேசிச் செயலி வழியாகவும் தெரிவிக்கலாம். முந்தைய கேள்வியை அனுப்பிய வாசகியும், தம் தாயார் சந்தைக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் நடைபாதை குறுகுகிறது என்று குறிப்பிட்டு எழுதினால், இரு கோரிக்கைகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தும்.