குழந்தையின் இதய ஓட்டையால் நுரையீரலில் அழுத்தம் கூடிவிட்டால், ரத்தக்குழாயைச் சரிசெய்யும் செல்களை ஏற்றியே குணமாக்கலாமா? ஆபரேஷன் வேண்டாமா?

இப்போதைக்கு முடியாது. ஓட்டையை அடைக்க உங்கள் டாக்டர் தேதி சொல்லியிருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். நான் டாக்டர் இல்லை, தங்கச்சிமடத்தில் இருக்கும் ஒரு தாய். உனக்கென்ன தெரியும் என்று கேட்க வருகிறவர்கள், மூன்று மாதப் பிள்ளை இரண்டு வாய் பால் குடிப்பதற்குள் நெற்றியெல்லாம் வியர்த்து, மூச்சு வாங்கி, காம்பை விட்டுவிடுவதைப் பார்த்துவிட்டு வரட்டும்.

என் மகனுக்குக் கீழ் அறைகளுக்கு நடுவே ஓட்டை. 2023-இல் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடவில்லை. பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மண்டபம் வரை பஸ், அப்புறம் ரயிலில் மதுரை. அதுவும் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் காசே இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் இடத்தில், ஸ்டெம் செல் ஏற்றினால் நெஞ்சைத் திறக்கவே வேண்டாம் என்று லட்சக்கணக்கில் கேட்டார்கள். விற்பதற்காகச் சங்கிலியைக் கழற்றியும் விட்டேன். மதுரையில் பார்த்த டாக்டரம்மாதான் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டித் தடுத்தார்.

ஓட்டை வழியாக இடப்பக்க ரத்தம் வலப்பக்கம் பாய்வதால் நுரையீரல் குழாய்களுக்கு அளவுக்கு மீறிய ரத்தம் போகிறது, உட்சுவர் புண்பட்டுக் குழாய் தடித்துக் குறுகிவிடுகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்து அந்தச் சுவரைச் செப்பனிடும் செல்களைப் பற்றி 1997-இலேயே எழுதிவிட்டார்களாம். நுரையீரல் குழாய் அழுத்தத்தைக் குறைக்கிற சில்டெனாஃபில் மருந்து கொடுத்தால் ரத்தத்தில் அவை கூடுகின்றனவா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் ஓட்டை திறந்து கிடக்கையில் அது ஓதம் ஏறும்போது கரையில் மண் அள்ளிப் போடுகிற வேலை. காலம் கடந்தால் ரத்தம் எதிர்ப்பக்கம் திரும்பி உதடு நீலம் பாரித்துவிடும், ஐசன்மெங்கர் என்கிறார்கள். அதற்கப்புறம் ஓட்டையை அடைப்பதே உயிருக்கு ஆபத்து.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஏழாம் மாதம் ஆபரேஷன் முடிந்தது. இப்போது மணலில் ஓடுகிறான். கிரகணத்தன்று வெளியே போயிருப்பாள் என்று மாமியார் வீட்டில் பேசியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே உள்ள சுவர் கருவில் முதல் இரண்டு மாதத்துக்குள் மூடவேண்டியது, அதில் பாதி நாள் நான் உண்டாகியிருப்பதே எனக்குத் தெரியாது!

சரி, உங்கள் விஷயம். எக்கோ ரிப்போர்ட்டோடு போய், நுரையீரல் குழாய்களில் ரத்த ஓட்டத்துக்கு எதிர்ப்பு எவ்வளவு, இன்னும் அடைக்கிற நிலையில் இருக்கிறதா, கதீட்டர் என்கிற மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியே விட்டு அளக்கவேண்டுமா என்று கேளுங்கள். இந்த வாரமே போங்கள்.