கடத்தாத படலத்தில் கசியும் மின்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பழைய வால்வ் வானொலிகளைப் பற்றிய கட்டுரையில், மின்னைச் சேமித்து வைக்கும் கண்டென்சரின் அலுமினியத் தாளில் படிந்துள்ள ஒட்சைட்டுப் படலம் மின்னைக் கடத்தாது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் இருபது ஆண்டுகளாக அலுமாரியில் கிடந்த என் வானொலியைப் புறக்கோட்டையில் திருத்தக் கொடுத்தபோது, கண்டென்சர் 'லீக்' ஆகிறது என்றார் கடைக்காரர். கடத்தாத படலத்தில் மின் கசிவது எப்படி? அலுமினியத்தில் கலந்திருந்த மாசுதான் காரணமா? அதை எறிந்துவிடலாமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'கடத்தாது' என்று ஒரே சொல்லில் முடித்தது என் அவசரம். உங்கள் கடைக்காரர் சொன்னதே சரி.

அலுமினியத் தாளை மின்பகுபொருளில் (மின்னைக் கடத்தும் நீர்மத்தில்) அமிழ்த்தி அனோட்டாக, அதாவது நேர்முனையாக, இணைத்தால், கொடுக்கும் ஒவ்வொரு வோல்ற்றுக்கும் ஏறத்தாழ 1.3 நனோமீற்றர் தடிப்புக்கு ஒட்சைட்டு வளரும். 100 வோல்ற்றுக்கு 130 நனோமீற்றர் என்றால், அப்படலத்தினுள் நிற்கும் மின்புலம் சென்றிமீற்றருக்கு 70 இலட்சம் வோல்ற்றுக்கும் மேல். அத்தனை வலிய புலத்தில்தான் அலுமினிய அயன்கள் (மின்னேற்றமுள்ள அணுக்கள்) வெளிநோக்கியும் ஒட்சிசன் அயன்கள் உள்நோக்கியும் நகர்ந்து படலத்தைத் தடிக்கச் செய்கின்றன. இந்த அயன் ஓட்டம் புலத்தோடு அடுக்குக்குறி முறையில், அதாவது புலம் சற்றே மாறினாலும் பன்மடங்காக, ஏறி இறங்கும் என்பதை குந்தர்ஷுல்சே, பெட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1934இல் காட்டினார்கள். கண்டென்சரை அதன் படலம் உருவாக்கப்பட்ட மின்னழுத்தத்திலும் குறைந்த மின்னழுத்தத்திலேயே பயன்படுத்துகிறோம் என்பதால், அயன் ஓட்டம் அங்கே ஏறக்குறைய நின்றுபோகும். எஞ்சிக் கசிவது இலத்திரன்களே.

இங்கேதான் உங்கள் கேள்வி கூர்மையாகிறது. அலுமினிய ஒட்சைட்டில் ஓர் இலத்திரன் கட்டவிழ்ந்து ஓட 6 இலத்திரன்வோல்ற்றுக்கும் (இலத்திரனின் சக்தியை அளக்கும் சிறு அலகு) மேற்பட்ட சக்தி வேண்டும். கொழும்பு வெயிலில் கிடைக்கும் வெப்பச்சக்தியோ 0.026 இலத்திரன்வோல்ற்று. ஆகவே குறையற்ற படலத்தில் கசிவு மிகமிகச் சொற்பமாகவே இருக்க வேண்டும். அளக்கும் கசிவின் பெரும்பகுதி படலம் முழுவதும் பரவி நடப்பதில்லை, ஆங்காங்கே உள்ள பலவீனமான புள்ளிகள் வழியாகவே நடக்கிறது என்பதே என் துணிபு. படலத்தின் மேல் மின்பகுபொருளுக்குப் பதிலாக உலோகத்தை ஆவியாக்கிப் பூசிப் பார்த்தால் இது விளங்கும். பூச்சு ஊசிமுனை அளவாக இருந்தால் படலம் தாங்கும். பரப்பு பெரிதானால் எங்கேயாவது ஒரு புள்ளியில் குறுஞ்சுற்றாகிவிடும்.

அப்புள்ளிகள் பலவற்றுக்கு மாசுதான் தாய். திண்ம அலுமினியத்தில் இரும்பு மிகச் சொற்பமாகவே கரையும். உருகுநிலையை அண்டிய வெப்பநிலையிற்கூட ஏறத்தாழ 0.05 சதவீதம்தான். மிஞ்சியது தனித் துணிக்கைகளாக ஒதுங்கும். அத்துணிக்கையின் தலைக்கு மேல் வளரும் படலம் சீராக அமையாது. அதில் கலக்கும் இரும்பு ஒட்சைட்டு இலத்திரன்களுக்கு எளிதில் வழிவிடும். அனோட்டாக்கும்போது தாளை உற்றுப் பார்த்தால், பரப்பெங்கும் அமைதியாக இருக்க, சில புள்ளிகளிலிருந்து மட்டும் சிறு குமிழிகள் வரிசையாக எழுவதைக் காணலாம். இலத்திரன் கடக்கும் இடத்தில் நீர் ஒட்சிசனாக மாறுவதன் அடையாளம் அது. உயர் மின்னழுத்தக் கண்டென்சர்களுக்கு 99.99 சதவீதத் தூய்மை கேட்பது இதனால்தான்.

ஆனால் எல்லா மாசையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. மின்பகுபொருளிலிருந்து படலத்துக்குள் புகும் பொசுபேற்றும் கண்டிப்பாகப் பேசினால் மாசுதான். ஆயினும் அது நீர் அரிப்பதைத் தடுத்துப் படலத்தைக் காக்கிறது. குளோரைட்டோ படலத்தைத் துளைத்துவிடும். இதைப் படித்ததும் வெள்ளவத்தைக் கடற்காற்றைக் குற்றஞ்சாட்டத் தோன்றும். கண்டென்சரின் வெளிக்குவளை நன்றாக மூடியிருந்தால் அந்தக் காற்று வெளிக்கம்பிகளைத்தான் அரிக்கும், உள்ளே புகாது.

உங்கள் கண்டென்சரில் புதிதாக மாசு எதுவும் சேரவில்லை. மின்னின்றிக் கிடந்த காலத்தில் நீர்மம் படலத்தை மெல்ல மெல்லக் கரைத்துப் பலவீனப்படுத்தியிருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே முழு மின்னழுத்தத்தில் இணைத்தால் பலவீனமான புள்ளி சூடேறி வெடிக்கக்கூடும். முனைகளை மாற்றி இணைத்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் தாள் எதிர்முனையாகும்போது ஐதரசன் வெளிவருமே தவிர ஒட்சைட்டு வளராது. சரியான முனையில், சிறிது சிறிதாக மின்னழுத்தத்தை ஏற்றி இணைத்தால் அதே மின் அதே புள்ளியில் ஒட்சைட்டை மீண்டும் வளர்க்கும்.

ஆகவே எறிய வேண்டாம். சென்ற மாதம் 32 மைக்கிரோபரட், 450 வோல்ற்றுக் கண்டென்சர் ஒன்றை 47 கிலோஓம் தடையி ஊடாக 50 வோல்ற்றில் தொடங்கினேன். மின்னோட்டத்தை அளக்கும் மானியின் ஊசி 1 மில்லி அம்பியரை ஒட்டி நின்றது. மின்னேற்றம் சில விநாடிகளில் முடிந்துவிடும் என்பதால், அதன் பின் காட்டியதெல்லாம் கசிவே. ஒரு மணி நேரத்தில் அது 0.1க்குக் கீழே இறங்கியதும் அடுத்த 50 வோல்ற்றை ஏற்றினேன். இதை உங்கள் கடைக்காரரிடமே செய்யச் சொல்லுங்கள். மின்னேற்றிய கண்டென்சர் ஆளைக் கொல்லக்கூடியது. முதற்படியிலேயே ஊசி இறங்க மறுத்தாலோ, குவளை கையில் வெதுவெதுப்பாக உணரப்பட்டாலோ, அப்போது எறிந்துவிடலாம்.